முட்டுக்கட்டை

எங்கள் ஊர்த் தேருக்குக் கட்டை போட்டவர்களில் என் பெரியப்பாவும் ஒருவர். பங்குனி பிறந்துவிட்டால் பரணிலிருந்து அவருடைய கட்டை கீழே இறங்கிவிடும். புளிய மரத்தில் செதுக்கிய ஆப்பு அது. நீளம் ஒன்றரை முழம். ஒரு முனை ஒரு விரல் கனம், மறு முனை அரை அடி உயரம், பின்னால் இரண்டு கைகளாலும் பற்றிக்கொள்ள ஒரு பிடி. சக்கரம் ஏறி ஏறி மேல்முகத்தின் ஒரு பகுதி மாட்டுக் கொம்பு போல வழவழப்பாகியிருக்கும். அடிப்பக்கம் தார்ச்சாலையில் உரசிக் கருகியிருக்கும். மூக்கருகே கொண்டுபோனால் அடுப்படி வாசனை வரும். திருவிழா முடிந்து ஆறு மாதம் ஆனாலும் அந்த வாசனை போகாது.

நான் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் முதல் பாடமே இயக்க விதிகள்தான். ஜூன் மாதத்தில் பிள்ளைகள் மூன்று விதிகளையும் மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறார்கள். விசை, நிறை, முடுக்கம் என்று சூத்திரம் எழுதுகிறார்கள், கணக்குப் போட்டு மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறார்கள். ஆனால் அந்த விதிகள் தங்கள் உடம்பைப் பற்றியவை, தாங்கள் ஏறும் பஸ்ஸைப் பற்றியவை, தாங்கள் பிடித்த வடத்தைப் பற்றியவை என்று அவர்களில் பலருக்கும் தோன்றுவதே இல்லை. எனக்கும் அந்த வயதில் தோன்றவில்லை. அந்த விதிகளை எனக்குப் புரியவைத்தது பெரியப்பாவின் கட்டைதான். அதனால் இன்று அந்தக் கட்டையை வைத்தே எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சொல்லுக்கு ஒரு நியாயம் செய்ய வேண்டும். நல்ல காரியத்தைக் கெடுக்கிறவனைத்தான் 'முட்டுக்கட்டை போடுகிறான்' என்கிறோம். ஊர் கூடித் தேர் இழுப்பதைப் பெருமையாகச் சொல்லும் நாம், அந்தத் தேரை ஒவ்வொரு முனையிலும் நிறுத்தித் திருப்பி, ஒரு வீட்டுத் திண்ணையையும் இடிக்காமல் நிலைக்குக் கொண்டுவந்து சேர்க்கிறவரின் கருவியை வசைச் சொல்லாக்கிவிட்டோம். இழுக்க ஆயிரம் பேர் வருவார்கள். கட்டை போட எங்கள் ஊரில் எட்டுப் பேர்தான் இருந்தார்கள்.

வகுப்பில் நான் கேட்கும் முதல் கேள்வி இது. தேர் நேரான வீதியில் வேகம் கூடாமல் குறையாமல் ஒரே சீராக ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் மேல் செயல்படும் நிகர விசை எவ்வளவு?

'நிறைய, டீச்சர்' என்று எல்லாரும் சொல்வார்கள். சிலர் இழுப்பவர்களை எண்ணிப் பெருக்கவே தொடங்கிவிடுவார்கள். விடை சுழி. முன்னால் இழுக்கும் விசையும், சக்கரமும் அச்சும் சாலையும் சேர்ந்து பின்னால் பிடிக்கும் உராய்வும் சரிக்குச் சரியாக இருப்பதால்தான் தேர் ஒரே சீராக ஓடுகிறது. இழுப்பு கொஞ்சம் மிஞ்சினால் வேகம் கூடும், கொஞ்சம் குறைந்தால் வேகம் குறையும்.

இதைச் சொன்னதும் வகுப்பு அமைதியாகிவிடும். விடை தவறு என்று சொல்லத் துணிவில்லாமல், சரி என்று ஏற்க மனமும் வராமல் அப்படி ஓர் அமைதி. எனக்கு மிகவும் பிடித்த கணம் அது. ஏனென்றால் அந்தப் பிள்ளைகளின் மனத்தில் இருப்பது அரிஸ்டாட்டிலின் மனத்தில் இருந்ததேதான். எதையாவது நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டுமென்றால் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும் என்று அவர் நினைத்தார். கிட்டத்தட்ட இரண்டாயிரம் ஆண்டுகள் அறிஞர்களில் பெரும்பாலோர் அதை நம்பினார்கள். நம்பியதில் தவறும் இல்லை. நம் கைகள் தினமும் அதைத்தானே சொல்கின்றன? தள்ளுவதை விட்டால் வண்டி நின்றுவிடுகிறது, இழுப்பதை விட்டால் குடம் நின்றுவிடுகிறது.

நின்றுவிடுவது வண்டியின் இயல்பு இல்லை, யாரோ அதை நிறுத்துகிறார்கள் என்று பார்த்தவர் கலிலியோ. ஒரு சரிவில் உருட்டிவிட்ட குண்டு எதிர்ச்சரிவில் ஏறக்குறைய அதே உயரம் வரை ஏறுகிறது. எதிர்ச்சரிவைத் தாழ்த்தினால் அந்த உயரத்தைத் தொட இன்னும் அதிகத் தூரம் ஓடுகிறது. சரிவே இல்லாத சமதளமாக்கிவிட்டால்? அந்த உயரம் கிடைக்கவே போவதில்லை. உராய்வும் இல்லையென்றால் அது ஓடிக்கொண்டேதான் இருக்கும். இதற்கு நம் காலத்துச் சாட்சி உண்டு. 1977இல் ஏவப்பட்ட வாயேஜர் 1 விண்கலம் விநாடிக்கு சுமார் 17 கிலோமீட்டர் வேகத்தில் சூரியனைவிட்டு விலகிப் போய்க்கொண்டிருக்கிறது. பின்னால் நின்று அதைத் தள்ளுகிறவர் யாரும் இல்லை. தடுப்பதற்கும் அங்கே ஏறக்குறைய ஒன்றும் இல்லை.

இருக்கும் நிலையிலேயே இருக்கப் பார்க்கும் இந்தக் குணத்துக்கு நிலைமம் என்று பெயர். அதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் தேர் புறப்படும் கணத்தில் சக்கரத்தைப் பார்க்கக் கூடாது, மேலே பார்க்க வேண்டும். தேரின் நான்கு மூலைகளிலும் தொங்கும் தொம்பைகளை, அந்த உருளை வடிவத் துணி அலங்காரங்களைப் பாருங்கள். அடித்தட்டு முன்னால் நகர்ந்த அந்த நொடியில் தொம்பைகள் எல்லாம் பின்பக்கம் சாயும். உண்மையில் அவை பின்னால் போகவில்லை, இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கின்றன. தேர்தான் அவற்றை விட்டுவிட்டு முன்னால் போகிறது. பிறகு கயிறு இழுக்க, அவையும் கூட வருகின்றன. தேர் நிற்கும்போது இது தலைகீழாக நடக்கும். சக்கரம் நின்றுவிடும், தொம்பைகள் போய்க்கொண்டே இருக்கும். பஸ்ஸில் பிரேக் போட்டதும் முன்னால் விழப்போகிறோமே, நம்மை யாரும் தள்ளவில்லை. பஸ் நின்றுவிட்டது, நாம் இன்னும் நிற்கவில்லை.

வடத்தைப் பற்றி ஒரு கேள்வி எல்லா ஆண்டும் வரும். நன்றாக யோசிக்கிற பிள்ளை ஒன்றாவது எழுந்து கேட்டுவிடும். 'நான் தேரை எவ்வளவு விசையோடு இழுக்கிறேனோ அவ்வளவு விசையோடு தேரும் என்னை இழுக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் இரண்டும் சமமாகிவிடுமே, தேர் எப்படி நகரும்?' நியூட்டனே 1687இல் மூன்றாம் விதியை விளக்க, கயிற்றில் கட்டிய கல்லை இழுக்கும் குதிரையைத்தான் எடுத்துக்காட்டினார். குதிரை கல்லை இழுக்கும் அளவுக்குக் கல்லும் குதிரையை இழுக்கிறது என்றார்.

விடை காலடியில் இருக்கிறது. அந்த இரண்டு விசைகளும் ஒரே பொருளின் மேல் செயல்படவில்லை. ஒன்று தேரின் மேல், மற்றது இழுப்பவர் மேல். தேரைப் பொறுத்தவரை கணக்கு எளிது. வடத்தின் இழுப்பு உராய்வைவிடக் கூடுதலாக இருந்தால் அது முன்னால் வரும். இழுக்கிறவர் பின்னால் சரிந்துவிடாமல் நிற்பது எப்படி? அவர் பாதத்தால் தரையைப் பின்னுக்கு உதைக்கிறார், தரை அவரை முன்னுக்குத் தள்ளுகிறது. தேரை இழுக்கிறவர்கள் முன்பக்கம் சாய்ந்து, குதிகாலைத் தூக்கி, விரல்களால் சாலையைக் கவ்வி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். தேரை நகர்த்தும் வேலையில் பாதி அந்தக் கால்விரல்களில் நடக்கிறது. தேர் வரும் வழியில் தண்ணீர் தெளித்து வைத்தால் பெரியப்பாவுக்குக் கோபம் வரும். வெயிலுக்கு இதம் என்று வீட்டுக்காரர்கள் அன்பாகத்தான் தெளிப்பார்கள். ஈரத்தில் கால் வழுக்கினால் ஆயிரம் பேர் இருந்தும் பயனில்லை.

உதைக்கத் தரையே இல்லாத இடத்தில் என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. ராக்கெட் தன்னிடம் உள்ள வாயுவையே பின்னால் வீசி எறிகிறது, அந்த வாயு ராக்கெட்டை முன்னால் தள்ளுகிறது. காற்றே இல்லாத வெளியில் ராக்கெட் எதைத் தள்ளும் என்று கேட்டு, 1920 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் அமெரிக்க ராக்கெட் ஆய்வாளர் ராபர்ட் கொடார்டைத் தலையங்கத்தில் பரிகாசம் செய்தது. உயர்நிலைப் பள்ளியில் சொல்லித்தரும் பாடம்கூட அவருக்குத் தெரியவில்லை என்றது. 1969 ஜூலை 17 அன்று, அப்போலோ 11 நிலவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது, அதே நாளிதழ் தன் தவற்றுக்கு வருத்தம் தெரிவித்தது. மூன்றாம் விதி புரியவில்லை என்று தலைகுனியும் பிள்ளைகளுக்கு இதை நான் தவறாமல் சொல்வேன்.

இப்போது நிறுத்தும் கதைக்கு வருகிறேன். நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

அலங்காரமெல்லாம் முடிந்து நிற்கும் எங்கள் ஊர்த் தேர் சுமார் 40 டன் இருக்கும் என்பார்கள். 40,000 கிலோ. நல்ல ஓட்டத்தில் விநாடிக்கு ஓர் அடி நகரும் என்று வையுங்கள், அதாவது 0.3 மீட்டர். நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கினால் வருவது உந்தம். நியூட்டன் இதை 'இயக்கத்தின் அளவு' என்றே அழைத்தார். விசை என்பது இந்த அளவை மாற்றுவது என்பதுதான் அவருடைய இரண்டாம் விதி. நம் தேருக்கு அது 12,000 அலகு. ஒரு டன் எடையுள்ள கார் மணிக்கு 43 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் அதற்கும் இதே உந்தம்தான். ஆமை வேகத்தில் வருகிற தேரும் சாலையில் விரைகிற காரும் இந்தக் கணக்கில் சமம்.

அந்தத் தேரின் சக்கரத்துக்கு முன்னால் ஒரு மனிதர் குனிந்து பின்னோக்கி நடந்துகொண்டே கட்டையை வைக்கிறார். இரண்டு முன் சக்கரங்களுக்கு இரண்டு பேர். தேர் நின்றுவிடுகிறது. அதே உந்தத்தோடு வரும் காருக்கு முன்னால் இப்படி ஒரு கட்டையை வைத்துப் பார்க்க யாருக்காவது துணிச்சல் வருமா? உந்தம் ஒன்றாக இருக்கும்போது இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது?

இதே கேள்விதான் பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் பெரிய சண்டையாக வெடித்தது. இயக்கத்தின் உண்மையான அளவு, பொருளின் பருமனையும் வேகத்தையும் பெருக்கி வருவது என்றிருந்தார் பிரெஞ்சு அறிஞர் தெகார்த். இல்லை, வேகத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும் என்று 1686இல் ஜெர்மானிய அறிஞர் லைப்னிட்ஸ் மறுத்தார். விழும் பொருளை வைத்து அவர் வாதாடினார். ஒரு பொருளை இரண்டு மடங்கு வேகத்தோடு மேலே எறிந்தால் அது இரண்டு மடங்கு உயரம் போவதில்லை, நான்கு மடங்கு போகிறது. பிறகு ஹாலந்தில் க்ராவசாண்டே என்பவர் பித்தளைக் குண்டுகளை மெத்தென்ற களிமண்ணில் விழவிட்டுப் பார்த்தார். குழியும் அந்த வர்க்கக் கணக்கையே சொன்னது. பிரான்சின் எமிலி து ஷாட்லே 1740இல் வெளியிட்ட நூலில் இந்தச் சோதனைகளைக் காட்டி லைப்னிட்ஸின் பக்கம் வலுவாக நின்றார். பிரான்சின் அறிவியல் கழகம் பெண்களுக்குக் கதவு திறக்காத காலம் அது. வகுப்பில் இந்தப் பெயரைச் சொல்லும்போது பெண் பிள்ளைகளின் முகத்தை நான் பார்த்துக்கொள்வேன்.

இரண்டு அளவுகளும் தேவை என்பதுதான் முடிவில் தெளிந்தது. ஒரு விசை எவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருந்தால் பொருள் நிற்கும் என்று கேட்டால் உந்தம் பதில் சொல்லும். எவ்வளவு தூரம் பிடித்துக்கொண்டிருந்தால் என்று கேட்டால் இயக்க ஆற்றல் பதில் சொல்லும். தேரின் இயக்க ஆற்றல் 1,800 ஜூல். காருக்கு 72,000. உந்தம் ஒன்றாக இருந்தும் ஆற்றலில் நாற்பது மடங்கு வித்தியாசம். காரின் முன் கட்டை ஏன் தோற்கிறது என்று இப்போது தெரிகிறது.

ஆனால் பெரியப்பாவின் கட்டை அந்த 1,800 ஜூலை எப்படி வாங்கிக்கொள்கிறது என்று ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எழுந்து போய்ப் பரணைப் பார்க்க வைத்துவிட்டது அந்த விடை. சக்கரம் ஆப்பின் மேல் ஏறும்போது தேர் உயர்கிறது. 40 டன்னை உயர்த்த ஆற்றல் வேண்டும். 1,800 ஜூலும் செலவாக எவ்வளவு உயர வேண்டும்? நான்கரை மில்லிமீட்டர். அவ்வளவுதான். முன் சக்கரங்கள் மட்டும் ஏறுவதால் அவை ஒன்பது மில்லிமீட்டர் ஏறினால் தேரின் நடுப்பகுதி நான்கரை உயர்ந்துவிடும். ஒரு சுண்டுவிரல் கனத்துக்குச் சக்கரம் மேலே ஏறுவதற்குள் தேர் தன் ஓட்டத்தையெல்லாம் செலவழித்துவிடுகிறது. தேரை நிறுத்துவது தேரின் எடையேதான். மரம் நசுங்குவதும், சாலையில் உரசிப் புகைவதும் இன்னும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். அந்த அடுப்படி வாசனை அதிலிருந்து வந்ததுதான்.

இந்தக் கணக்கில் இன்னொரு அழகும் உண்டு. உயரத்தைக் கணக்கிடும்போது நிறை இரண்டு பக்கமும் வந்து அடிபட்டுப் போய்விடுகிறது. வேகத்தின் வர்க்கம் மட்டுமே மிஞ்சுகிறது. திருவாரூர் ஆழித்தேர் 96 அடி உயரம், சுமார் 300 டன். இந்தியா ஏவும் பி.எஸ்.எல்.வி. ராக்கெட் புறப்படும்போது சுமார் 320 டன். ஏறக்குறைய அந்த ராக்கெட்டைத்தான் திருவாரூர்க்காரர்கள் வடம் பிடித்து இழுக்கிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள். அந்தத் தேரும் விநாடிக்கு ஓர் அடி வேகத்தில் வந்தால் ஆப்பின் மேல் அதே நான்கரை மில்லிமீட்டர் கணக்குத்தான். கட்டை தாங்க வேண்டிய விசை மட்டும் பல மடங்கு. அந்தத் தேருக்கு இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் திருச்சி பாரத மிகுமின் நிறுவனம் செய்து கொடுத்தது. பிரேக் வந்த பிறகும் முட்டுக்கட்டை போடுகிறவர்களின் வேலை போகவில்லை. ஒரு சக்கரத்துக்கு மட்டும் கட்டை கொடுத்தால் அந்தப் பக்கம் தயங்க, மறுபக்கம் ஓட, தேர் திரும்பும். திருப்பும் வேலையும் கட்டைக்கு உண்டு.

வேகத்தின் வர்க்கம் என்பதைத்தான் பெரியப்பா தன் மொழியில் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார் என்று எனக்கு வெகு காலம் கழித்துத் தெரிந்தது. வடம் பிடிக்கிற இளைஞர்களிடம் அவர் காலையிலேயே போய்ச் சொல்லிவிட்டு வருவார். 'தம்பிகளா, ஆள் கூடினால் பரவாயில்லை. ஓட்டம் கூடக் கூடாது.' தேரின் எடை இரண்டு மடங்கானாலும் சக்கரம் ஏறும் உயரம் கூடாது. வேகம் இரண்டு மடங்கானால் உயரம் நான்கு மடங்காகும், மூன்று மடங்கானால் ஒன்பது மடங்காகும். ஆப்போ அரை அடிதான்.

நேரத்தைப் பற்றியும் அவர் சொல்லியிருக்கிறார். சிறுமியாக இருந்தபோது நான் கேட்டேன், இரும்பிலே கட்டை செய்தால் தேயாதே, ஏன் மரத்தில் செய்கிறீர்கள் என்று. 'இரும்பு முரட்டுத்தனமாக நிறுத்தும், பாப்பா. தேர் அதிர்ந்துபோகும். மரம் கொஞ்சம் விட்டுக்கொடுத்து நிறுத்தும்' என்றார். ஆப்பின் சரிவில் ஏறி நிற்கத் தேருக்குச் சுமார் 0.3 விநாடி ஆகிறது. 12,000 அலகு உந்தத்தை 0.3 விநாடியில் கரைக்கச் சராசரியாக 40,000 நியூட்டன் விசை போதும். ஏறக்குறைய நான்கு டன் எடைக்குச் சமம். அதே தேர் செங்குத்தான கல்லில் மோதி அதில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றால் விசை பத்து மடங்கு. அடிப்பாகம் தாங்கினாலும் மேலே மூங்கிலும் துணியுமாக எழுந்து நிற்கும் விமானம் தாங்காது; அது போய்க்கொண்டே இருக்கப் பார்க்குமே. விசையை நேரத்தால் பெருக்கி வருவதைப் பாடப்புத்தகம் கணத்தாக்கு என்கிறது. கிரிக்கெட்டில் பந்தைப் பிடிக்கிறவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வதும் இதற்காகத்தான்.

இந்த இடத்தில் நான் ஒவ்வோர் ஆண்டும் தேரைவிட்டுவிட்டு ஹெல்மெட்டைப் பற்றிப் பேசுவேன். என்னிடம் படித்த ஒரு பையன், கல்லூரி முதலாம் ஆண்டில், வீட்டிலிருந்து அரை கிலோமீட்டர் தூரத்தில் பைக்கிலிருந்து விழுந்து இறந்தான். ஹெல்மெட் பெட்ரோல் டேங்கின் மேல் இருந்தது. வேகமும் அதிகம் இல்லை என்றார்கள். இயக்க விதிகளில் அவன் முழு மதிப்பெண் வாங்கியவன். அந்த விடைத்தாளைத் திருத்தியவள் நான்.

நின்றபடியே விழுந்தாலும் ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து தலை தரையைத் தொடும்போது அதன் வேகம் விநாடிக்கு 5.4 மீட்டர், மணிக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர். வெறும் தலை என்றால் தோலும் எலும்பும் விட்டுக்கொடுக்கும் சில மில்லிமீட்டருக்குள் நின்றாக வேண்டும். இரண்டரை மில்லிமீட்டர் என்று வைத்தால் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல 600 மடங்கு. ஹெல்மெட்டுக்கு உள்ளே இருக்கும் தெர்மாகோல் போன்ற அந்த வெள்ளை நுரை இரண்டரை சென்டிமீட்டர் நசுங்கிக் கொடுத்தால் அது 60 மடங்காகக் குறைகிறது. ஹெல்மெட்டின் கெட்டியான ஓடுதான் காப்பாற்றுகிறது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். ஓடு அடியைப் பரப்பிவிடும், கூர்மையானதை உள்ளே விடாது. உயிரைக் காப்பது நசுங்குகிற நுரை. ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை மாற்றச் சொல்வதும் அதனால்தான். நசுங்கிய நுரை மறுபடி நசுங்காது. வாரைக் கட்டாமல் போட்டுக்கொள்வதும், முழங்கையில் மாட்டிக்கொள்வதும், நுரையே இல்லாத தொப்பி போன்ற ஒன்றைச் சாலையோரம் வாங்கி அணிவதும் ஒன்றுதான். இதைச் சொல்லும்போது என் குரல் உயர்ந்துவிடும். உயரட்டும்.

நின்ற தேரின் உந்தம் எங்கே போயிற்று என்று ஒருமுறை ஒரு மாணவி கேட்டாள். உந்தம் அழியாது என்று அன்றுதான் பாடம் நடத்தியிருந்தேன். கட்டை வழியாகப் பூமிக்குப் போயிற்று என்றேன். பூமியின் நிறை 6க்குப் பின்னால் 24 சுழி போட்ட கிலோகிராம். அதனால் பூமிக்குக் கிடைத்த வேகத்தை எழுதத் தசமப் புள்ளிக்குப் பின் இருபது சுழி போட்டுவிட்டு 2 எழுத வேண்டும். ஆனால் கணக்கு கணக்குத்தான். தேர் புறப்பட்டபோது ஆயிரம் பேரின் பாதங்கள் பூமியை அதே அளவு பின்னுக்குத் தள்ளியிருந்தன. தேர் நின்றபோது அந்தக் கடன் அடைந்தது.

எங்கள் ஊர்த் தேருக்கும் இப்போது பிரேக் வந்துவிட்டது. பெரியப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, முழங்கால் மடங்குவதில்லை. கட்டையை எனக்குக் கொடுத்துவிட்டார். சென்ற ஆண்டு அதை வகுப்புக்கு எடுத்துப் போய்ப் பிள்ளைகளின் கையில் கொடுத்தேன். பின் வரிசையில் அதிகம் பேசாத ஒரு பெண், அடிக்கோலை வைத்து அதை அளந்துகொண்டே இருந்தாள். என்ன அளக்கிறாய் என்று கேட்டேன்.

'வழவழப்பு முடிகிற இடத்தை, டீச்சர்' என்றாள்.

நான் எத்தனையோ முறை கையில் எடுத்த கட்டை அது. அப்படிப் பார்த்ததே இல்லை. சக்கரம் முதலில் தொடும் இடத்திலிருந்து சுமார் மூன்று சென்டிமீட்டர் உயரம் வரை வழவழப்பு. அதற்கு மேலே தச்சரின் உளித்தடம் அப்படியே இருந்தது. முப்பது ஆண்டுகளில் சக்கரம் அந்த மூன்று சென்டிமீட்டரைத் தாண்டியதில்லை, ஒரே ஒரு முறையைத் தவிர. தொட்ட இடத்திலிருந்து பத்து சென்டிமீட்டர் உயரத்தில், விளிம்புக்கு ஒரு விரல் அகலம் கீழே, மரம் பிறை போல நசுங்கியிருந்தது. அவள் விரல் அங்கேதான் இருந்தது.

பலகையில் எல்லாரும் சேர்ந்து போட்டோம். முன் சக்கரம் 10 சென்டிமீட்டர், தேரின் நடு 5 சென்டிமீட்டர். அந்த உயரத்துக்கு ஏற்ற வேகம் விநாடிக்கு ஒரு மீட்டர்.

எந்த ஆண்டு என்று எனக்குத் தெரியும். நான் எட்டாம் வகுப்பில் இருந்தேன். மேல வீதியில் வடம் பிடித்தவர்கள் உற்சாகத்தில் ஓடத் தொடங்கிவிட்டார்கள். துண்டை வீசி நிறுத்தச் சொன்னதை யாரும் பார்க்கவில்லை. அன்று பெரியப்பா வீட்டுக்கு வந்து கிணற்றடியில் வெகுநேரம் கைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். சாப்பிடவில்லை. என்ன நடந்தது என்று யாரிடமும் சொல்லவில்லை.

மாலையில் அவரிடம் போய், பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று சொன்னேன். விநாடிக்கு ஒரு மீட்டர்.

'அவ்வளவுதானா, பாப்பா? நான் நடக்கிற வேகம்கூட இல்லையே' என்றார்.

எப்போதும் வருவதைவிட மூன்று மடங்குக்கும் மேல், பெரியப்பா. கட்டைக்கு அது பதினோரு மடங்கு என்றேன். அவர் கட்டையை மடியில் வாங்கி வைத்துக்கொண்டு, பார்க்காமலே அந்தப் பிறையின் மேல் கட்டைவிரலை வைத்தார்.